செவ்வாய், வெள்ளிச் சூடு

சூசைரட்ணம் மாஸ்டர் உட்கார்ந்து பார்த்தவர்கள் அந்தத் தோட்டத்தில் குறைவு. பாடம் நடத்தும்போது நடப்பார். சாப்பிடும்போது பாதியில் எழுந்து வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வருவார். மாதா கோயிலில் பூசை நடக்கும்போதுகூட முழங்காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டிருப்பார். "காலுல சக்கரத்தக் கட்டித்தான் ஒங்கள அனுப்பியிருக்காங்க" என்று அவர் மனைவி தெரேசா சொல்லுவாள். அந்த வருஷம் வெயில் காலம் தொடங்கியதிலிருந்து அந்தச் சக்கரம் இன்னும் வேகமாகச் சுற்றியது. எல்லாம் காட்டினால் வந்தது.

அக்கரப்பத்தனைப் பக்கத்தில், அந்தத் தோட்டத்து மேற்பிரிவில் கூலிச் சனம் குடியிருந்த லயங்களுக்கு மேலே, மலை உச்சியை மூடிக்கொண்டு ஒரு காடு இருந்தது. கீழே கண்ணுக்கெட்டிய மட்டும் தேயிலை. உச்சியில் மட்டும் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து கை வைக்காமல் விட்ட மரங்கள். லயத்துப் பீலிக்குத் தண்ணீர் அங்கிருந்துதான் வந்தது. பாறை இடுக்கில் செருகிய மூங்கில் வழியாக விழும் அந்த ஒரு தண்ணீரைத்தான் லயத்துச் சனம் அத்தனையும் குடித்தது, அதிலேதான் குளித்தது, துணி துவைத்தது. போன வருஷத் தொடக்கத்தில் துரை காட்டில் பாதியை வெட்டித் தேயிலைக் கன்று நட்டார். அதற்குப் பிறகு கை தடிமனுக்கு விழுந்த தண்ணீர் விரல் தடிமனுக்கு இளைத்துவிட்டது. விடிகாலையில் லயத்து வாசல் வரைக்கும் வந்து நிற்கும் மூடுபனி, மேட்டோடு நின்று திரும்பிப் போனது. இப்போது மிச்சப் பாதியையும் வெட்டப் போகிறார்கள் என்று பேச்சு.

லயத்துச் சனம் பங்களா வாசலில் போய் நின்றது. அரசாங்கம் அவர்கள் குடியுரிமையையும் வோட்டையும் பிடுங்கிக்கொண்டு பத்து வருஷத்துக்கு மேலாகிறது. அந்தச் சனம் எங்கே போய் நின்றால் யாருக்கு என்ன? "தண்ணிக்கு ஏதாவது செய்யிறேன், போங்க" என்று துரை சொல்லி அனுப்பிவிட்டார். மாஸ்டரால் அப்படித் திரும்பி வர முடியவில்லை. அந்த லயத்தில் பிறந்து, அந்தப் பீலித் தண்ணீரில் வளர்ந்தவர் அவர். தனியாகப் போய் நின்றார்.

துரை வெள்ளைக்காரர் இல்லை, நாட்டுக்காரர்தான்; வந்து மூன்று வருஷம் இருக்கும். வெள்ளைக்காரன் விட்டுப்போன பங்களாவோடு அவன் விட்டுப்போன நாயையும் கோபத்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்டவர்.

"மாஸ்டர், மழ ஒரு வருசம் கூடும், ஒரு வருசம் கொறையும். வெயிலும் அப்படித்தான். அது சூரியன் வேலை. மரம் வெட்டினா மலை சூடாகும்னு சொல்றது லயத்துப் பேச்சு. நீங்க படிச்ச ஆள்."

"சூரியன் முந்தின வருசமும் இருந்துச்சுங்களே தொரை. இப்ப இல்லாதது காடுதான்."

துரைக்கு எதிர்ப்பேச்சு பிடிக்காது. ஆனால் பந்தயம் என்றால் பிடிக்கும். அடுத்த வாரம் கொழும்பிலிருந்து வெள்ளைப் பெட்டியைப் பார்க்க அதிகாரி வருகிறார் அல்லவா, அவர் வாயால் சொல்லட்டும் என்றார். மலையில் சூடு ஏறியிருக்கிறது, காடு வெட்டினதால்தான் ஏறியது என்று அவர் சொன்னால், மிச்சக் காட்டை விட்டுவிடும்படி கம்பெனிக்குத் தாமே எழுதுவதாகச் சொன்னார். சொல்லாவிட்டால் மறுநாளே கோடாலி.

மாஸ்டர் துள்ளிக்கொண்டு வந்தார். பந்தயத்தில் ஏற்கெனவே ஜெயித்தாகிவிட்டது என்று அவருக்கு நினைப்பு.

வெள்ளைப் பெட்டி என்பது நாலு காலில் நின்ற ஒரு மரக்கூண்டு. பக்கமெல்லாம் காற்றுப் புகும்படி இடைவெளி விட்ட சட்டம், மேலே சின்னக் கூரை, முன்னால் பூட்டுப் போட்ட கதவு. உலகம் முழுக்க ஒரே சமயத்தில் காற்றையும் வெயிலையும் அளக்கப் போகிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதிய நாட்களை ஒட்டி, கொழும்பில் ஓர் ஆராய்ச்சி அலுவலகத்திலிருந்து குணதிலக்க என்ற அதிகாரி வந்து காட்டோரத்து மேட்டில் அதை நிறுத்திவிட்டுப் போனார். உள்ளே வெப்பமானி. நாளின் உச்சச் சூடு எதுவோ அங்கே ரசம் ஏறி நின்றுவிடும், உதறினால்தான் இறங்கும். பள்ளிக்கூடம் விட்டபின் மாஸ்டர் மேட்டுக்கு ஏறிப் போய், பார்த்து, குறித்து, உதறிவிட்டு வருவார். ஒரு இடத்தில் நிற்கத் தெரியாத மனிதருக்கு இதைவிட நல்ல வேலையை யார் கொடுக்கப் போகிறார்கள்?

முதல் வருஷம் காடு முழுசாக இருந்தது. இரண்டாம் வருஷம் பாதி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சராசரி எடுத்தால் இரண்டாம் வருஷம் இரண்டரை டிகிரி கூடியிருந்தது. இதை எழுதிக் கூட்டிய அன்று மாஸ்டர் சோறு சாப்பிடவில்லை. சந்தோஷம் வந்தாலும் அவருக்குப் பசிக்காது.

அந்தக் கண்ணாடிக் குழாய் என்ன என்று லயத்துப் பெண்கள் ஆரம்பத்திலேயே கேட்டிருந்தார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் நாக்குக்கு அடியில் வைப்பார்களே, அதே சாதிதான் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். அதோடு விட்டாரா? காடு பாதி போய், பீலி இளைத்த சமயத்தில், குடத்தோடு காத்து நின்ற பேச்சியம்மாவிடம், "மலைக்குக் காச்சல் அடிக்குது அக்கா. பொட்டியில தெரியுது" என்றார். பேச்சியம்மா கொழுந்தெடுக்கிற பெண்களில் மூத்தவள். மாஸ்டர் வீட்டுக்கு நாலு வாசல் தள்ளி இருந்தவள்.

"காச்சலா? எப்பலேருந்து?" என்று அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"காட்ட வெட்டுனதுலேருந்து."

அந்த வார்த்தை அவருக்கே பிடித்துப்போயிற்று. அதற்கப்புறம் பள்ளிக்கூடத்திலும் பீலிக்கரையிலும் கடை வாசலிலும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அதிகாரி வர ஒரு வாரம் இருக்கும்போதே மாஸ்டருக்கு இருப்புக்கொள்ளவில்லை. துரை என்னவெல்லாம் கேட்பார் என்று தாமே துரையாகி நின்று கேட்பார். பிறகு மாஸ்டராகி அந்தப் பக்கம் போய் நின்று பதில் சொல்லுவார். பள்ளிக்கூடம் விட்டபிறகு கரும்பலகையில் எண்களை எழுதிப் பார்த்தார். ஹட்டன் கடையில் கொடுத்த காலண்டர் சுவரில் தொங்கியது; அதில் இருக்கிறபடியே ஞாயிறு முதல் சனி வரை ஏழு பத்திகள் போட்டு, ஒவ்வொரு நாளின் சூட்டையும் அந்தந்தக் கிழமைக்குக் கீழே நிரப்பிக்கொண்டே வந்தார். நிரப்பி முடித்து, பின்னால் நகர்ந்து நின்று பார்த்தார்.

செவ்வாய்ப் பத்தியும் வெள்ளிப் பத்தியும் மட்டும் வீங்கிப்போய் நின்றன. மற்ற ஐந்து கிழமைகளும் ஒரு குடும்பம். இவை இரண்டும் யாரோ வேற்றாள். மழை பெய்த வாரத்திலும் அப்படித்தான், வெயில் அடித்த வாரத்திலும் அப்படித்தான். முதல் வருஷத்தை எழுதிப் பார்த்தார். அங்கே அப்படி எதுவுமில்லை. ஏழு கிழமையும் ஒற்றுமையாக இருந்தன.

சூரியனுக்குக் கிழமை தெரியாது. மேகம் காலண்டர் பார்த்து வருவதில்லை. காடு வெட்டினதால் ஏறிய சூடாக இருந்தால் அது புதன்கிழமையும் ஏறவேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் ஏறவேண்டும். செவ்வாய் வெள்ளி பார்க்கிற பிராணி உலகத்தில் ஒன்றுதான், அதற்கு இரண்டு கால். மாஸ்டர் பலகையைத் துடைத்தார். துடைத்துவிட்டு மறுபடி எழுதினார். மறுபடியும் அதேதான் வந்தது.

ஃபாக்டரி அடுப்பாக இருக்குமோ என்று இறங்கிப் போய் விசாரித்தார். அடுப்பு எல்லா நாளும் எரிந்தது. ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு. துரை ஆள் வைத்துப் பெட்டியைக் கெடுக்கிறாரோ என்று நினைத்துக் கொதித்தார். பாதி வழியில், சூட்டைக் கூட்டிக் காட்ட துரைக்கென்ன பைத்தியமா என்று தோன்றி அந்தக் கொதிப்பும் அடங்கியது. இப்படியே இரண்டு நாள் மேட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடந்து செருப்பைத் தேய்த்தார். வெள்ளிக்கிழமை வந்தது. பத்து மணிக்கே பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மேட்டுக்கு ஏறி, காட்டோரத்து மரமொன்றின் பின்னால் திருடன்போலக் காத்திருந்தார்.

உச்சி வேளைக்குக் கொழுந்து நிறுக்கப் போகிற வழியில் பேச்சியம்மாவும் இன்னும் நாலைந்து பெண்களும் கூடைகளோடு வந்தார்கள். கூடைகளை இறக்கி வைத்தார்கள். பெட்டிக்கு நேர் அடியில் ஒரு தட்டைக் கல் கிடந்தது. பேச்சியம்மா மடியிலிருந்து வெல்லம் போட்டுப் பிசைந்த அரிசிமா உருண்டையை எடுத்துக் கல்லில் வைத்து, நடுவில் குழி செய்து, எண்ணெய் விட்டு, தடித்த திரி ஒன்றைப் போட்டுப் பற்றவைத்தாள். ஒருத்தி வாடிப்போன வேப்பிலைக் கொத்தைப் பெட்டிக் காலில் செருகினாள். எல்லோரும் கைகூப்பினார்கள். சுடர் நிமிர்ந்து நின்று எரிந்தது. அதன் சூடு நேராகச் சட்டத்து இடைவெளி வழியாக மேலே போயிற்று.

மாஸ்டர் மரத்தின் பின்னாலிருந்து வந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"வாங்க வாத்தியாரையா. நீங்களும் கும்புட்டுக்கங்க. ஒங்க மாதாவும் நம்ம ஆத்தாவும் ஒண்ணுதானே" என்றாள் பேச்சியம்மா.

"என்னக்கா இது?"

"மலைக்குக் காச்சல்னு நீங்கதானே சொன்னீங்க. காச்சல்னா ஆத்தா எறங்கியிருக்கான்னு அர்த்தம். மாவெளக்கு வச்சாத்தான் குளுந்து போவா. மனுசனுக்குன்னா ஒடம்புல எங்க நோவோ அங்க வச்சு ஏத்துவோம். மலைக்கு எங்கன்னு வைக்கிறது? சூடு தெரியிற எடம் இதுதானேன்னு இங்க வச்சோம்."

"எப்பலேருந்து?"

"நீங்க சொன்ன அந்த வாரத்துலேருந்து. செவ்வா வெள்ளி தவறுனதில்ல. மாவு ஆளுக்கு ஒரு தடவ."

"நான் ஒருநாளும் பாத்ததில்லையே."

"எப்புடிப் பாப்பீங்க? வெளக்கு மலையேறுனதும் மாவப் பிட்டு எல்லாரும் தின்னுருவோம். வெள்ளிக்கெழமையில ஒங்க வீட்டுக்கும் குடுத்து விடுறேனே. நல்லாருக்குன்னு தெரேசா சொல்லுச்சு."

மாஸ்டர் குனிந்து கல்லைப் பார்த்தார். ஒரு வருஷமாகத் தம் கேஸின் சாட்சியைத் தாமே தின்றுகொண்டிருந்திருக்கிறார். கல்லில் எண்ணெய்ப் பிசுக்கைக்கூடப் பார்த்திருக்கிறார்; யாரோ தலைசாய்த்துப் படுத்திருப்பார்கள் என்று விட்டிருக்கிறார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவர் இரண்டையும் அடக்கிக்கொண்டு, விளக்கின் சூடு குழாய்க்குள் ஏறுவதையும், அதிகாரி வருவதையும், துரை போட்ட பந்தயத்தையும் அவர்களுக்குச் சொன்னார். சொல்லச் சொல்லப் பெண்களின் முகம் மாறியது.

"சாமிக்கு வெளக்கு வச்சா காச்சல் கூடுமா?" என்று ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்.

பேச்சியம்மா குனிந்து சுடரை விரலால் நசுக்கி அணைத்தாள். எரிகிற விளக்கை அப்படி அணைக்கக்கூடாது என்பது அவளுக்குத் தெரியும்.

"அப்ப மலைக்குக் காச்சலே இல்லையா?"

"இருக்குக்கா. நீங்க வைக்காத நாள்லயும் இருக்கு. கொஞ்சமா இருக்கு."

கொஞ்சம் என்றால் ஒரு டிகிரி. அன்று மாலையே செவ்வாயையும் வெள்ளியையும் இரண்டு வருஷத்திலிருந்தும் நீக்கிவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தார். இரண்டரையில் ஒன்றரை விளக்கோடு போய்விட்டது. ஒன்று நின்றது. அந்த ஒன்றுக்கு யாரும் மாவு பிசையவில்லை.

தெரேசா அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். மாஸ்டர் அவளுக்குப் பின்னால் நடந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னார்.

"அந்த ரெண்டு நாளக் காட்டாம மிச்சத்தக் காட்டுங்க" என்றாள் அவள்.

"வாரத்துல ரெண்டு நாள் எங்கன்னு கேப்பாங்க. என்ன சொல்றது?"

"அப்ப எல்லாத்தையும் இருக்குறபடி காட்டுங்க. வெளக்கப் பத்தி யாரு கேக்கப் போறா? கெழம போட்டுப் பாக்கணும்னு ஒங்களுக்கே இப்பத்தானே தோணுச்சு."

"பொய் ஆயிருமே தெரேசா."

அவள் ரொட்டிக் கல்லை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினாள். "தொரை தண்ணிக்கு வழி பண்றேன்னாரே, அது என்ன, நெசமா? கொடத்தத் தூக்கிட்டு நாந்தான் போறேன், நீங்க போகல. காலையில போனா கொடம் நெறையிறதுக்குள்ள பெரட்டுல வேலைக்குப் போய் நிக்க நேரமாயிருது. மிச்சக் காடும் போனா அடுத்த மலைக்குத்தான் போகணும். ஒங்க ஒரு பொய்யில எல்லாருக்கும் தண்ணி கெடைக்கும்னா, அந்தப் பாவத்த நான் சாமியாருகிட்டச் சொல்லிக்கிறேன்."

மாஸ்டருக்குக் கோபம் வந்தது. அவள்மேல் இல்லை. அவள் சொன்னதில் ஒரு ஓட்டையும் அகப்படவில்லையே என்றுதான் கோபம். மறைத்தால் காடு பிழைக்கும். ஆனால் என்றைக்காவது எவனாவது கிழமை போட்டுப் பார்ப்பான். அன்றைக்கு மலையில் சூடு என்று யார் சொன்னாலும் ஊர் சிரிக்கும். பொய்யான ஒன்றரை, உண்மையான ஒன்றையும் சேர்த்துக் குழியில் தள்ளிவிடும். இதைத் தெரேசாவிடம் சொன்னார். "என்னைக்கோ சிரிக்கப் போறவங்களுக்காக இன்னைக்குத் தாகத்தோட இருக்கணுமா?" என்று கேட்டுவிட்டு அவள் மாவை உருட்டப் போனாள். 

திங்கட்கிழமை அதிகாரி வந்தார். பங்களா வராந்தாவில் துரை, குணதிலக்க, மாஸ்டர் மூன்று பேரும். மாஸ்டருக்கும் நாற்காலி போட்டார்கள்; அவர் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேச்சு இங்கிலீஷில் நடந்தது. இரண்டரை டிகிரி என்று ஆரம்பித்து, அதே மூச்சில் விளக்கையும் சொல்லி, ஒரு டிகிரி என்று முடித்தார். கொழுந்தெடுக்கிற பெண்கள் வைத்தது என்றாரே தவிர, யார் பேரையும் சொல்லவில்லை.

குணதிலக்க கெட்ட மனிதர் அல்ல. ஏழு பத்திகளையும் நெடுநேரம் பார்த்தார்.

"கிழமையைக் கொண்டு மனிதக் கையைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். என் அலுவலகத்தில் யாருக்கும் இது தோன்றியிராது" என்றார். "ஆனால் மிச்சமிருக்கிற ஒரு டிகிரியை வைத்து நான் என்ன சொல்ல முடியும்? ஒரு வருஷம் மழை குறைந்தாலே அது ஏறும். சூரியனும் எப்போதும் ஒரே மாதிரி எரிவதில்லை. ஒரு காலத்தில் உலகத்தில் எவ்வளவோ நிலம் பனிக்கட்டிக்கு அடியில் கிடந்தது. அது உருகிற்று. அப்போது காடு வெட்டத் துரைமாரும் இல்லை, தோட்டமும் இல்லை."

துரை இதை ரசித்துத் தலையாட்டினார்.

"ஐயா, என் அப்பா காய்ச்சலில் செத்தார்" என்றார் மாஸ்டர். நாற்காலி முதுகில் அவர் விரல்கள் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. "அவர் செத்த வருஷமே எங்கள் லயத்தில் இன்னொருவர் தேயிலை நறுக்கும் கவ்வாத்துக் கத்தியால் வெட்டுப்பட்டுச் செத்தார். காய்ச்சலில் சாகிற மனிதர்கள் உண்டு என்பதற்காக இவரும் காய்ச்சலில்தான் செத்தார் என்று போலீசார் எழுதவில்லை. சாவு முன்பும் இருந்தது. இந்தச் சாவு எதனால் வந்தது என்பதுதானே கேள்வி."

குணதிலக்க ஏழு பத்திகளையும் மறுபடி ஒருமுறை பார்த்தார்.

"உண்மைதான். உலகத்தில் இருக்கிற புகைபோக்கிகளின் புகையெல்லாம் சேர்ந்து ஒரு நாள் பூமிக்குப் போர்வை போர்த்தும் என்றுகூட எழுதுகிறார்கள். நான் படித்திருக்கிறேன், நம்பவும் செய்கிறேன். நீங்கள் சொல்வதும் சரியாக இருக்கலாம். ஆனால் அதிகாரி 'இருக்கலாம்' என்று எழுத முடியாது. எனக்கு முப்பது வருஷக் கணக்கு வேண்டும், இதுபோல இன்னும் பல பெட்டிகள் வேண்டும்."

"முப்பது வருஷம் காடு காத்திருக்குமா ஐயா?"

அதற்கு அதிகாரி துரையைப் பார்த்தார். துரை சிரித்தார். இங்கிலீஷை விட்டுவிட்டு, வேலைக்காரர்களுக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னார்:

"மாஸ்டர் சொன்னது சரிதான். சூடு மனுசன் செய்றது. எங்க கொழுந்துக்காரிங்க செய்றது."

அந்தச் சிரிப்பு பங்களாவிலிருந்து ஃபாக்டரிக்குப் போய், ஃபாக்டரியிலிருந்து பெரட்டுக் களத்துக்கு வந்தது. இடம் கெட்டுப்போயிற்று என்று வெள்ளைப் பெட்டியைக் கழற்றி அதிகாரியின் ஜீப்பில் ஏற்றினார்கள். போகும்போது குணதிலக்க மாஸ்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மறைத்திருக்கலாம் நீங்கள், நான் கண்டுபிடித்திருக்க மாட்டேன் என்று மெதுவாகச் சொன்னார். மாஸ்டருக்கு அது பாராட்டாகவே படவில்லை. அவர் அன்று முழுக்க வீட்டுக்குப் போகவில்லை; ரோட்டிலேயே நடந்துகொண்டிருந்தார்.

மறுநாள் கோடாலிச் சத்தம் கேட்டது. பெரிய மரங்களை ஃபாக்டரி அடுப்புக்கு இழுத்துப் போனார்கள். கிளையும் புதரும் சரிவில் கிடந்து காய்ந்தன. மழையில்லாத மாதம், சீக்கிரம் காய்ந்துவிட்டது. தெரேசா லயத்துச் சனத்தின் கண்ணில் படாமல் கொல்லைப்புறமாகவே போய்வந்தாள், மாஸ்டரிடம் அளந்துதான் பேசினாள். பீலியில் தண்ணீர் சொட்டாக விழுந்தது.

சரிவை எரிக்கிற நாள் வந்தது. காலையில் பெரட்டுக் களத்தில் வேலை மேற்பார்க்கிற கண்டாக்கு ஆட்களைப் பிரித்தபோது, தீ வைக்கிற வேலைக்குப் பேச்சியம்மாவைப் போட்டார். அது பெண்கள் வேலையே இல்லை. விளக்கு வைத்தது யார் என்று எப்படியோ துரை காதுக்குப் போயிருந்தது. விளக்கு வைக்கத் தெரிந்தவளுக்குத் தீ வைக்கவும் தெரியும், அவளைப் போடு என்று துரையே சொல்லி அனுப்பினாராம். களத்தில் சிலர் சிரித்தார்கள் என்று கேள்வி.

சேதி பள்ளிக்கூடத்துக்கு வந்ததும் மாஸ்டர் பாடத்தை அப்படியே விட்டுவிட்டு மேட்டுக்கு ஓடினார்.

பேச்சியம்மா காய்ந்த கிளைகளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கையில் துணி சுற்றி மண்ணெண்ணெயில் நனைத்த பந்தம் எரிந்துகொண்டிருந்தது. மற்ற ஆட்கள் தள்ளித் தள்ளி நின்றார்கள். கண்டாக்கு எதிர்ச் சரிவிலிருந்து கையை வீசிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். காற்று அவர் குரலை அந்தப் பக்கமே கொண்டுபோனது.

"ஏங்க்கா நிக்கிறீங்க?"

"கை வரல வாத்தியாரையா" என்றாள் அவள். "ஒரு கைப்புடி மாவுல ஒரு திரி ஏத்துனதுக்கே காடு போச்சு. இத வச்சா என்ன ஆகும்?"

"காடு போனது ஒங்க வெளக்கால இல்லக்கா."

"பின்ன எதால?"

மாஸ்டரிடம் காரணங்கள் நிறைய இருந்தன. துரையின் சிரிப்பு இருந்தது. முப்பது வருஷம் கேட்ட அதிகாரி இருந்தார். காய்ச்சல் என்ற வார்த்தையும், வராந்தாவில் அவரே ஒரே மூச்சில் சொல்லி முடித்த உண்மையும் இருந்தன.  அவமானமாக இருந்தது.

"வைக்காம எறங்கிப் போயிருங்க" என்றார்.

"போனா பேர் இல்ல."

தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் பேர் என்பார்கள். பேர் விழுந்தால்தான் அந்த நாளுக்குச் சம்பளம். பேர் இல்லாத வீட்டில் உலை இல்லை.

"நான் போனாலும் அம்மாக்கண்ணு வைப்பா. அவ போனா இன்னொருத்தி. எரியத்தான் போவுது" என்றாள் பேச்சியம்மா. பந்தத்திலிருந்து ஒரு துளி எண்ணெய் எரிந்தபடியே அவள் கால் பக்கத்தில் விழுந்தது. அவள் அதை மிதித்து அணைத்தாள்.

மாஸ்டர் கையை நீட்டினார். அவள் முதலில் கொடுக்கவில்லை. அவர் அவளுடைய விரல்களைப் பிரித்துப் பந்தத்தை வாங்கினார்.

"பேரு ஒங்களுக்கு விழட்டுங்க்கா. வச்சது யாருன்னு பின்னால யாராச்சும் கேட்டா, மாஸ்டருன்னு சொல்லுங்க."

"யாரு கேக்கப் போறா?" என்றாள் பேச்சியம்மா.

அவர் குனிந்து, காய்ந்த கிளைகளுக்கு அடியில் பந்தத்தை வைத்தார்.